சுண்டெலிக்குத் தோல் ஒட்டுவதும் அதன் பிறகான பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் ஒட்டு அறுவைக்கு முதன்முறையாகத் தயாராகும் ஆய்வு மாணவர்களும், விலங்குக் கூடத்தில் அந்தச் சுண்டெலிகளைக் கவனித்துக்கொள்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. அறுவை சீக்கிரம் முடிந்துவிடும். ஒட்டு பிழைக்குமா என்பது பெரும்பாலும் அடுத்த ஒரு வாரத்தில், கூண்டுக்குள் முடிவாகிறது. அதனால் இங்குள்ள பதில்களும் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கும். சொல்லியிருக்கும் மருந்தளவுகள் பொதுவாகப் புழக்கத்தில் இருப்பவை. உங்கள் ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த அளவும், உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதும்தான் இறுதி.

சுண்டெலிக்கு எதற்காகத் தோல் ஒட்டுகிறார்கள்?

ஓர் உடல் இன்னோர் உடலின் திசுவை எப்படி அடையாளம் கண்டு தள்ளுகிறது என்று பார்க்கத்தான், பெரும்பாலும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காய நோயாளிகளுக்கு மற்றவர் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். சில நாள் நன்றாக இருந்துவிட்டு அது அழிந்துபோனது. அதே கொடையாளியின் தோலை மறுபடி ஒட்டினால் இன்னும் வேகமாக அழிகிறது என்று தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடாவரும் 1943-இல் எழுதினார்கள். வெறும் காயப் பிரச்சினை என்றால் இரண்டாம் முறை வேகம் கூட வேண்டியதில்லையே. உடல் முதல் ஒட்டை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அது வலுவான தடயமாக இருந்தது.

பத்து வருடம் கழித்து, 1953-இல், பில்லிங்ஹாம், பிரென்ட், மெடாவர் மூவரும் சுண்டெலிக் கருக்களுக்கு வேறொரு ஸ்ட்ரெய்னின் (உள்ளுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து, மரபணு ஒன்றுபோல ஆக்கிய வரிசையின்) செல்களைச் செலுத்தினார்கள். அந்தச் சுண்டெலிகள் வளர்ந்த பிறகு, செல் கொடுத்த ஸ்ட்ரெய்னின் தோலை ஒட்டியபோது பல ஏற்றுக்கொண்டன. இதற்காக மெடாவருக்கும் மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கும் 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் இந்த முறை வழக்கொழியாமல் இருக்க ஒரு காரணம், ஒட்டு கண்ணெதிரே இருக்கிறது. உள்ளே என்ன ஆனது என்று பார்க்க வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இன்னொன்று, தோல் மிகக் கடினமான சோதனை. வேறோர் உறுப்பை ஏற்றுக்கொள்ளும் சுண்டெலிகூட அதே கொடையாளியின் தோலைத் தள்ளிவிடுவதுண்டு. காயம் ஆறுதல், தோல் நோய்கள், மரபணு மாற்றிய தோல் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளிலும் இதே அறுவை பயன்படுகிறது.

எந்தச் சுண்டெலியிலிருந்து எந்தச் சுண்டெலிக்கு?

கேள்வியைப் பொறுத்தது. ஆனால் எந்தச் சோதனையாக இருந்தாலும், ஒரே ஸ்ட்ரெய்னுக்குள் ஒட்டிய ஒரு குழு கட்டாயம் வேண்டும். அந்த ஒட்டுகள் நிலைக்க வேண்டும். நிலைக்கவில்லை என்றால் உங்கள் கையிலோ கட்டிலோ பராமரிப்பிலோ கோளாறு, நோயெதிர்ப்பைப் பற்றிப் பேச அந்தச் சோதனையில் எதுவும் இல்லை.

பால்ப்-சி, பிளாக் 6 இரண்டும் ஆய்வகங்களில் வழக்கமான ஸ்ட்ரெய்ன்கள். பால்ப்-சி தோலைப் பிளாக் 6 சுண்டெலிக்கு ஒட்டினால் திசுப்பொருத்த மரபணுக்கள் முழுக்க வேறு. மருந்து எதுவும் தராவிட்டால் சாதாரணமாக 8 முதல் 14 நாளுக்குள் ஒட்டு போய்விடும். இந்த மரபணுத் தொகுதிக்குச் சுண்டெலியில் ஹெச்-2 என்று பெயர். அதைப் பிரித்து அறிய ஜார்ஜ் ஸ்நெல் உருவாக்கிய சுண்டெலி வரிசைகள் அவருக்கு 1980 நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தன.

புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு: பாலினம். பிளாக் 6 பெண் சுண்டெலிக்கு அதே பிளாக் 6 ஆணின் தோலை ஒட்டினால் அது நிராகரிக்கப்படும். ஐக்வால்டும் சில்ம்சரும் 1955-இல் கண்ட விஷயம் இது. ஆண் தோலில் இருக்கும் ஹெச்-ஒய் ஆன்டிஜெனே (பெண்ணின் உடல் அந்நியமாகக் காணும் பொருளே) காரணம். நிராகரிப்பு மெதுவாக, சில வாரங்கள் எடுத்து நடப்பதால் முதலில் சந்தேகமே வராது. பெண் தோலை ஆணுக்கு ஒட்டலாம், அல்லது இரண்டும் ஒரே பாலாக இருக்கட்டும்.

முதுகுத் தோலா, வால் தோலா, காதுத் தோலா?

வால் தோலில் வேலை எளிது. அடியில் கொழுப்பும் தசைப் படலமும் கிடையாது, உரித்துத் துண்டு போட்டால் ஒரு வாலிலிருந்து பல ஒட்டுகள் கிடைக்கும். செதில் போன்ற அமைப்பு இருப்பதால் சுற்றுத் தோலிலிருந்து பிரித்து அறிவதும் சுலபம். கை பழகாதவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். காதுத் தோல் மெல்லியது, இரண்டு மடிப்பாகப் பிரித்து எடுப்பார்கள். முதுகுத் தோலில் முடி வளர்வதைப் பார்க்கலாம் என்பது பெரிய லாபம். ஆனால் அடியிலுள்ள கொழுப்பையும் தசைப் படலத்தையும் சுரண்டி எடுக்கப் பொறுமை வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்தப் படலமே ஒட்டுக்கும் படுகைக்கும் (ஒட்டை வைக்கத் தோலை வெட்டி எடுத்த இடத்துக்கும்) நடுவில் தடுப்பாக நிற்கும்.

முதுகுத் தோலை ஒட்டும்போது பழைய தந்திரம் ஒன்று: ஒட்டின் தலைப் பக்கம் வால் பக்கமாக வரும்படி திருப்பி வைப்பது. பின்னால் முடி எதிர்த்திசையில் வளரும். ஒட்டு எது, சொந்தத் தோல் எது என்ற குழப்பமே வராது.

எந்தத் தோலாக இருந்தாலும் எடுத்ததும் குளிர்ந்த உப்புக்கரைசலில் நனைத்த வடிதாளில் விரித்து வையுங்கள். காய்ந்த தோல் பிழைக்காது.

ரத்தக் குழாயே இணைக்காமல் ஒட்டுத்தோல் எப்படிப் பிழைக்கிறது?

முதல் ஒன்றிரண்டு நாள், படுகையிலிருந்து கசியும் திரவத்தை உறிஞ்சி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பஞ்சு போல ஊறி, வெளிறி, கொஞ்சம் வீங்கியும் தெரியும். இரண்டாம் மூன்றாம் நாளில் படுகையின் நுண்குழாய்களும் ஒட்டில் ஏற்கெனவே இருக்கும் குழாய்களும் வாய் சேர ஆரம்பிக்கும். அதன் பிறகு புதுக் குழாய்களும் உள்ளே வளரும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ரத்த ஓட்டம் சீராகிவிடும்.

பராமரிப்பு விதிகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. ஒட்டு நகர்ந்தால், வாய் சேர்ந்த குழாய் அறுந்துவிடும். அடியில் ரத்தமோ காற்றோ தேங்கினால் ஒட்டுக்குப் படுகை எட்டாது. காய்ந்துபோனால் உறிஞ்ச முடியாது. கட்டு என்பது அழகுக்குப் போடுவது இல்லை, இந்த மூன்றையும் தடுக்கத்தான்.

வயது முக்கியமா?

முக்கியம்தான், முடிச் சுழற்சி காரணமாக. சுண்டெலியின் முதுகில் முடி அலை அலையாக வளர்ந்து ஓய்வெடுக்கும். சுமார் 7 வாரத்தில் தொடங்கும் ஓய்வுக் கட்டம் சில வாரங்கள் நீடிக்கும். அப்போது முடியை மழித்தால் தோல் இளஞ்சிவப்பாக, மெல்லியதாக இருக்கும். வளர்ச்சிக் கட்டத்தில் தோல் தடித்து, ரத்த ஓட்டம் கூடி இருக்கும். கறுப்புச் சுண்டெலியில் கருமையாகவும் தெரியும். இரண்டு கட்டத்திலுள்ள சுண்டெலிகளைக் கலந்தால் முடிவுகளும் கலைந்துவிடும். பெரும்பாலோர் 8 வாரத்தை ஒட்டிய வயதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டுமா?

வேண்டாம். சுண்டெலிக்கு வாந்தி வராது. பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரைதான் இறங்கும்.

மயக்கம் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வெப்பத்தை. மருந்தைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள், வெப்பத்தை மறந்துவிடுவார்கள். 25 கிராம் உடம்புக்குப் பரப்பு அதிகம். முடி மழித்து, ஈரம் தடவி, குளிர்ந்த மேசையில் படுக்க வைத்தால் சில நிமிடங்களில் உடல் வெப்பம் சரியும். அறுவை நன்றாக முடிந்து, சுண்டெலி மட்டும் எழாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மயக்கம் தொடங்கும்போதே வெப்பத் திண்டு ஓடிக்கொண்டிருக்கட்டும், நேராகச் சுடாதபடி மேலே ஒரு துணியோடு. மழிக்கும் இடத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றாதீர்கள், அது ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேன் என்றால் மயக்கத்தில் ஆழ்த்த 3 முதல் 4 சதவீதம், பிறகு 1.5 முதல் 2.5 சதவீதம். நிறுத்தினால் சீக்கிரம் எழுந்துவிடும், அது இதன் பெரிய வசதி. கீட்டமின், சைலசின் கலவை ஊசியிலும் செய்யலாம். எழ நேரமாகும், அவ்வளவு நேரமும் சூடு காக்க வேண்டும். கண்ணுக்குக் களிம்பு இரண்டிலுமே அவசியம். சுண்டெலி மயக்கத்தில் கண்ணை மூடாது, விழி காய்ந்து புண்ணாகும். காலை அழுத்திப் பார்த்து, உதறாமல் இருந்தால் மட்டும் கத்தரிக்கோலை எடுங்கள்.

படுகையை எங்கே, எவ்வளவு ஆழமாக வெட்டுவது?

மார்பின் பக்கவாட்டில், முதுகை ஒட்டி. அங்கே கட்டும் நிற்கும், பல்லும் சுலபமாக எட்டாது. 1 செ.மீ. சதுரம் போல ஓர் ஒட்டு வழக்கமான அளவு. மேல்தோலும் அடித்தோலும் மட்டும் வர வேண்டும். கீழே இருக்கும் மெல்லிய தசைப் படலமும் அதன் மேல் ஓடும் ரத்தக் குழாய்களும் அப்படியே இருக்கட்டும். வளைந்த கத்தரிக்கோலால் தோலைத் தூக்கி மெதுவாக வெட்டினால் இது வரும். ரத்தம் கசிந்தால் உப்புக்கரைசலில் நனைத்த துணியால் அழுத்திப் பிடித்து, நின்ற பிறகே ஒட்டை வையுங்கள். அவசரப்பட்டு மேலே மூடினால் அடியில் ரத்தக்கட்டி நிற்கும்.

கட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

இதற்கு எண்ணில் பதில் கிடையாது, கைப்பழக்கம்தான். ஒட்டின் மேல் வாஸலின் தடவிய வலைத்துணி, அதன் மேல் சிறு பஞ்சுத்துணி, பிறகு உடம்பைச் சுற்றி ஒட்டும் பட்டை. தளர்வாக இருந்தால் முதல் இரவிலேயே நழுவி இடுப்புக்குப் போய்விடும். இறுக்கமாக இருந்தால் மார்பு விரியாது. சுண்டெலி மயக்கத்தில் இருக்கும்போது மூச்சு ஆழம் குறைவு, அப்போது சரியாகத் தெரிந்த கட்டு, எழுந்து ஓடும்போது இறுகிவிடும். அதனால் எழுந்து நடக்கும் வரை கூடவே இருங்கள். வாய் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கும் பாதமும் நீலம் பாய்ந்தாலோ உடனே வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். முன்னங்கால் அக்குளில் பட்டை உரசுகிறதா என்றும் பாருங்கள். அங்கே புண்ணானால் ஒட்டைவிட அதுவே பெரிய தொல்லை.

வலி மருந்து முடிவுகளைக் கெடுக்காதா?

ஆய்வுக்கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி. கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவை அழற்சியைக் குறைப்பவை, அதனால் கவலை நியாயமே. ஆனால் தீர்க்கப்படாத வலியும் நோயெதிர்ப்பைக் கலைக்கிறது. அழுத்த ஹார்மோன் ஏறும், சாப்பாடு குறையும், எடை இறங்கும். மருந்தை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் கொடுத்தால் அதன் தாக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். வலியின் தாக்கத்தை அப்படிச் சமப்படுத்த முடியாது. கொடுக்காமல் விடுவதற்கு இது சாக்கு ஆகாது.

பியூப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி., தோலடியில், வெட்டுவதற்கு முன்பே. சாதாரண வகையை எட்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. மாலையில் ஓர் ஊசி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் நடுராத்திரியில், அதாவது சுண்டெலி ஓடியாடும் நேரத்தில், மருந்து தீர்ந்திருக்கும். மெதுவாக வெளியாகும் வகை கிடைத்தால் அதுவே மேல். கார்ப்ரோஃபென் கிலோவுக்கு 5 மி.கி., 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பொதுவான வழக்கம். மருந்தைக் குடிநீரில் கலந்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அறுவை முடிந்த சுண்டெலி சரியாகத் தண்ணீர் குடிக்காது, மருந்து தேவைப்படும் நேரத்தில்தான் மருந்து உள்ளே போகாது.

வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரையாகும் பிராணி வலியைக் காட்டிக்கொள்ளாது. நீங்கள் உள்ளே நுழைந்ததுமே நிமிர்ந்து நிற்கும். எனவே கூண்டைத் தொடாமல், கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். 2010-இல் வெளியான முகபாவ அளவுகோல் இதற்கு உதவும்: கண் சுருங்குவது, மூக்கு மேடு, கன்ன மேடு, காது பின்னால் மடிவது, மீசை நிலை மாறுவது என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மயக்கம் தெளிந்த உடனேயே மதிப்பெண் போடாதீர்கள், மயக்க மருந்தே முகத்தை மாற்றியிருக்கும்.

எனக்கு அதைவிட நம்பகமாகத் தோன்றுவது கூடு. மாலையில் கூடு கட்டும் பொருளைப் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். சுகமாக இருக்கும் சுண்டெலி அதைக் கிழித்துக் குழிவாகக் கட்டியிருக்கும். போட்டபடியே கிடந்தால் ஏதோ சரியில்லை. முதுகு கூனி, முடி சிலிர்த்து, மூலையில் ஒதுங்கியிருந்தால் மதிப்பெண்ணே தேவையில்லை.

தனிக் கூண்டில் வைக்க வேண்டுமா?

கட்டு இருக்கும் வரை பெரும்பாலும் ஆம். கூட இருப்பது கட்டைக் கடித்துக் குதறும். ஆனால் சுண்டெலி கூட்டமாக வாழும் பிராணி, தனிமையே ஒரு சுமை, குளிரும் அதிகம் படும். நிறையக் கூடு கட்டும் பொருளும் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் கொடுங்கள். ஒளிவிடத்தின் வாய் கட்டோடு நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும், குறுகியதில் மாட்டிக்கொள்ளும். பெண் சுண்டெலிகளைக் கட்டுப் பிரித்த பின் பழைய கூட்டத்தோடு சேர்க்கலாம். வயதுவந்த ஆண்களைப் பிரித்து வைத்துவிட்டு மறுபடி சேர்ப்பது சண்டையில்தான் முடியும்.

முதல் சில நாள் சாப்பாடு, தண்ணீர்?

அறுவை முடிந்ததும் வெதுவெதுப்பான உப்புக்கரைசல் 0.5 முதல் 1 மி.லி. தோலடியில். ஊற வைத்த தீவனத்தையும் நீர்க் கூழையும் கூண்டின் தரையிலேயே வையுங்கள். கட்டோடு எம்பி, மேலே இருக்கும் தீவனத்தைக் கொறிப்பது கஷ்டம். கூழை அறுவைக்கு முந்தின நாளே கொஞ்சம் வைத்துப் பழக்குங்கள். புதுப் பொருளை அது உடனே தொடாது.

தினமும் எடை பாருங்கள். இதில் ஒரு சிறு சூட்சுமம்: கட்டுக்கும் எடை உண்டு. கட்டுப் போட்ட உடனே ஒருமுறை நிறுத்து, அதிலிருந்து கணக்கு வையுங்கள். இல்லாவிட்டால் உண்மையில் இளைத்த சுண்டெலி தாளில் இளைக்காததாகத் தெரியும். தூக்கும்போது வாலைப் பிடிக்காமல் குழாயிலோ உள்ளங்கையிலோ ஏந்துங்கள். வால் தொங்கலில் துள்ளும்போது ஒட்டும் நகரும்.

கட்டைக் கடித்துப் பிய்த்துவிட்டது. இப்போது?

எந்த நாள் என்று பாருங்கள். முதல் மூன்று நாளுக்குள் என்றால், லேசான மயக்கத்தில் ஒட்டு இடத்தில் இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து, புது வலைத்துணியோடு மறுபடி கட்டுங்கள். நகர்ந்திருந்தால் அந்த ஒட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். அதைப் பதிவேட்டில் அப்போதே எழுதுங்கள். ஐந்து, ஆறு நாள் ஆகி, ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் திறந்தே விடலாம்.

கட்டை எப்போது பிரிப்பது?

வழக்கமாக ஏழாம் நாள். லேசான ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில், ஒட்டு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், முனை மழுங்கிய கத்தரிக்கோலை நுழைத்து வெட்டுங்கள். வலைத்துணி ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், உப்புக்கரைசலால் நனைத்துக் காத்திருங்கள். அன்றே புகைப்படம் எடுத்து வையுங்கள்.

பிரித்துப் பார்த்தால் ஒட்டு கறுப்பாக இருக்கிறது. நிராகரிப்பா?

ஏழாம் நாளிலேயே முழுக்கக் கறுத்து, விறைத்து, அட்டை போல இருந்தால் அது பெரும்பாலும் அறுவைத் தோல்வி. ரத்த ஓட்டமே கிடைக்காமல் போயிருக்கும். அதை நிராகரிப்பில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதுவீர்கள். வேலை செய்யாதது கட்டாக இருக்கும். ஒரே ஸ்ட்ரெய்ன் குழுவிலும் அதே நாளில் கறுப்பு ஒட்டுகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முன்பே அதே கொடையாளியின் தோலைப் பார்த்த சுண்டெலி மட்டும் விதிவிலக்கு. அது ஏழு நாளுக்குள்ளேயே தள்ளிவிடக்கூடும்.

மேலே மட்டும் பழுப்பாகப் பொருக்கு தட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். மேல்தோல் உரிந்து விழுவது சகஜம், அடியில் இளஞ்சிவப்புத் தோல் இருக்கும். பிய்த்துப் பார்க்காமல் இரண்டு நாள் விடுங்கள். உண்மையான நிராகரிப்பு வேறு மாதிரி வரும்: நன்றாக இருந்த ஒட்டு முதலில் சிவந்து வீங்கும், பிறகு மென்மை போய், விளிம்பில் கறுத்து, சுருங்கி, கடைசியில் பொருக்காகி உதிரும். ஒட்டு கொஞ்சம் சுருங்குவது மட்டும் அடையாளம் ஆகாது. சுண்டெலிக் காயம் பெரும்பாலும் சுருங்கித்தான் ஆறும், நல்ல ஒட்டும் அதோடு சேர்ந்து சுருங்கும்.

நிராகரித்த நாளை எப்படிக் குறிப்பது?

ஒட்டில் 90 சதவீதம் செத்துப்போன நாள் என்று வைப்பவர்கள் அதிகம். 80 என்று வைப்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். கட்டுப் பிரித்த பிறகு தினமும் ஒரே ஆள், ஒரே வெளிச்சத்தில், எந்தக் குழு என்று தெரியாமல் பார்க்க வேண்டும். பார்க்காத ஞாயிற்றுக்கிழமைகள் வரைபடத்தில் படிக்கட்டாகத் தெரியும்.

ஆன்டிபயாடிக் தேவையா?

சுத்தமாகச் செய்திருந்தால், சாதாரணச் சுண்டெலிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சீழோ கெட்ட வாடையோ இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நோயெதிர்ப்பு இல்லாத வகைகள் வேறு கதை. மனிதத் தோலை ஒட்ட இவைதான் வேண்டும்: தைமஸ் இல்லாத முடியற்ற சுண்டெலி, ஸ்கிட், அதைவிடக் குறைபாடு கூடிய என்எஸ்ஜி. கூண்டு, படுக்கை, தீவனம், தண்ணீர் எல்லாம் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும், கையாள்வதும் காற்று வடிகட்டும் மேடையில். மனிதத் தோல் தடிமன் என்பதால் மெல்லியதாகச் சீவி ஒட்டுவார்கள், ஆறவும் அதிக நாள் பிடிக்கும்.

எந்தக் கட்டத்தில் சோதனையை நிறுத்த வேண்டும்?

எடை 10 சதவீதம் குறைந்தால் கூடுதல் கவனிப்பு, மருத்துவர் பார்வை. 20 சதவீதம் என்பது பல இடங்களில் கருணைக்கொலைக்கான எல்லை. எடைக்குக் காத்திருக்காமல் முடிவெடுக்க வேண்டியவையும் உண்டு: தொட்டாலும் நகராமல் கிடப்பது, மூச்சுத் திணறல், உடம்பு சில்லிடுவது, தன் காயத்தையே கடித்துக் குதறுவது. யார் முடிவெடுப்பார், விடுமுறை நாளில் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் கூண்டு அட்டையிலேயே இருக்கட்டும்.

ஒட்டை நிராகரித்த சுண்டெலியை மறுபடி பயன்படுத்தலாமா?

ஒப்புதல் இருந்தால், அதே கொடையாளி ஸ்ட்ரெய்னின் தோலை மறுபக்கத்தில் ஒட்டி நினைவு எதிர்ப்பைப் பார்க்கலாம். முதல் காயம் முழுக்க ஆறி, எடை பழைய நிலைக்கு வந்த பிறகே செய்ய வேண்டும். மூன்றாவது ஸ்ட்ரெய்னின் தோலையும் கூடவே ஒட்டினால், வேகம் கூடியது அந்தக் குறிப்பிட்ட கொடையாளிக்கு எதிராக மட்டும்தானா என்று தெரியும். வேறு சோதனைக்கு அதைப் புதுச் சுண்டெலியாகக் கணக்கில் எடுக்க முடியாது. அதன் டி செல்கள் (நோயெதிர்ப்புச் செல்கள்) ஏற்கெனவே பழகியவை.